பொரி கொட்டிய ஒத்திகை

கடலில் எண்ணெய் கசிந்தால் என்ன செய்வது என்று ஒத்திகை பார்க்க நிஜ எண்ணெயைக் கொட்ட முடியாது. மிதக்கிற, கெடுதல் செய்யாத ஏதாவது ஒன்று வேண்டும். ஆயுத பூஜை முடிந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அலுவலகத்தில் ஒரு மூட்டைப் பொரி நமுத்துக் கிடந்தது. அதையே எண்ணெயாக வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னவள் நான்தான். அந்தப் பெருமையில் மட்டும் இதுவரை யாரும் பங்கு கேட்கவில்லை.

அந்த ஒத்திகை தோற்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. மறைக்க என்ன இருக்கிறது? அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்தில் எண்ணெயை மறிக்க எங்களிடம் இருப்பது ஒரே ஒரு மிதவைத் தடுப்பு. கிடங்கில் கிடந்த காலத்தில் அதன் நடுவில் மூன்று மிதவைகளை எலி குடைந்துவிட்டது. தண்ணீரில் போட்டால் அந்த இடம் மட்டும் அமிழ்ந்துபோகும். எண்ணெய்க்கு வாசலைத் திறந்து வைத்து வாங்க வாங்க என்று கூப்பிடுகிற மாதிரி. புதிது கேட்டு மூன்று வருடத்தில் நான்கு முறை எழுதிவிட்டேன். நான்கு முறையும் ஒரே பதில்: ஒத்திகையில் கவனித்து அறிக்கை தரவும். ஒத்திகையோ நான்கு வருடத்துக்கு ஒருமுறை. சரி, சென்னையிலிருந்து வரும் மதிப்பீட்டு அதிகாரி, பொரி ஆற்றுக்குள் போவதைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டுப் போகட்டும் என்று காத்திருந்தேன்.

ஒன்பது மணிக்கு ஆரம்பம் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. சாமியானா வந்துவிட்டது. சால்வை, பூங்கொத்து, முந்திரி பிஸ்கட் எல்லாம் வந்துவிட்டன. எட்டு மைலுக்கு அப்பால் ஓர் எண்ணெய்க் கிணற்றில் குழாய் வெடித்துவிட்டதாக ஒத்திகைக் கதை. எண்ணெய் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதிகாரி மட்டும் வரும் வழியில் மரக்காணத்தில் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தடுப்பை இழுக்கப் படகு கொண்டுவந்திருந்த முகிலன் என்னிடம் வந்தார். ஆற்றில் இறால் பிடிக்கிற குடும்பம் அவருடையது. அந்த அமிழ்ந்த இடத்தை எனக்கு முதலில் காட்டியவரும் அவர்தான்.

"மேடம், பத்தரை வரைக்கும்தான் கடல் தண்ணி உள்ள ஏறும். அப்புறம் ஆறு வெளிய இழுக்க ஆரம்பிச்சிடும். இப்பவே கொட்டிடலாமா?"

எங்கள் செயற்பொறியாளர் இளஞ்செழியனிடம் ஓடினேன். அவர் பூங்கொத்தின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"சார், தண்ணி திரும்பிடும். ஆரம்பிச்சிடலாம்."

"பெரியவர் வராம எப்படிம்மா கொடி அசைக்கிறது?"

"நிஜமா எண்ணெய் வந்தா கொடிக்காகக் காத்திருக்குமா சார்?"

"அதான் நிஜமா வரலையே," என்றார். அதற்குமேல் அவர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பத்தே முக்காலுக்கு, அதிகாரி ஊருக்குள் கருவடிக்குப்பம் வரை வந்துவிட்டதாகப் போன் வந்தது. பதினொன்றேகாலுக்குக் கார் வந்தது. பிறகு சால்வை, பிறகு வரவேற்புரை, பிறகு காபி. நான் பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொடி அசைந்தபோது மணி பன்னிரண்டை நெருங்கியிருந்தது. ஆற்றுத் தண்ணீர் கடலுக்குள் விறுவிறுவென்று ஓடிக்கொண்டிருந்தது.

தடுப்புக்கு வெளியே, கடல் பக்கத்தில், முகிலன் பொரியைக் கொட்டினார். கொட்டியது தடுப்பின் பக்கமே திரும்பாமல் கடலைப் பார்த்துப் போனது. கொஞ்ச நேரத்தில் காக்கைகள் வந்தன. அடியிலிருந்து மீன்கள் வாயைத் திறந்தன. எண்ணெய்க் கசிவைக் காக்கை தின்று தீர்த்த ஒத்திகை உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"உள்ள ஒரு பொரிகூட வரலை. பிரமாதம்!" என்றார் அதிகாரி.

"சார், தண்ணி இப்ப வெளிய ஓடுது. நடுவுல தடுப்பு அமிழ்ந்திருக்கு, பாருங்க."

அவர் சாமியானா நிழலில் இருந்தபடியே கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "வெயில்ல ஒண்ணும் தெரியலம்மா. உள்ள வரலை, அவ்ளோதான?"

சாப்பாட்டுக்குப் பிறகு இளஞ்செழியன் அறிக்கையை என் முன்னால் வைத்தார். தடுப்பைத் தாண்டி நுழைந்த எண்ணெய்: இல்லை.

"இது பொய்யா சொல்லு பூர்ணிமா. நுழைஞ்சிதா?"

"நுழையலை. ஆனா..."

"ஆனாவெல்லாம் அப்புறம். ஒத்திகை நல்லா நடந்தாத்தான் மேல நம்ம பேச்சு எடுபடும். கையெழுத்துப் போடு, புதுத் தடுப்பு கேட்ட உன் ஃபைலை நாளைக்கே நானே அனுப்பி வைக்கிறேன்."

மூன்று வருடம் அலைந்த அலுப்பு. காலையிலிருந்து வெயிலில் நின்ற தலைவலி. அதோடு, அவர் சொல்வதிலும் ஏதோ நியாயம் இருப்பது போலத் தோன்றிய என் மடத்தனம். கையெழுத்தைப் போட்டுவிட்டேன்.

சொன்ன வாக்கை அவர் காப்பாற்றினார். மறுநாளே ஃபைல் மேலே போனது. பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தது. என் நான்கு கடிதங்களுக்கும் மேலே புதிதாக ஒரு தாள் கோத்திருந்தார்கள். 'உதவிப் பொறியாளர் திருமதி பூர்ணிமாவின் அறிக்கைப்படி தற்போதுள்ள தடுப்பு முழுத் திறனுடன் இயங்குவதால், புதிய தடுப்பு தேவையில்லை. கோப்பு முடிக்கப்படுகிறது.'

யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. ஃபைலைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. எறிந்தால் நானேதான் குனிந்து பொறுக்க வேண்டும். அப்போது போன் அடித்தது. முகிலன்.

"மேடம், மழை ஆரம்பிச்சிடுச்சி. கடல் சரியில்ல, கப்பலுங்க கரைய ஒட்டி வந்து நிக்குது. புதுசு எப்ப வருது?"

"வராது முகிலன்."

"ஏன் மேடம்? நீங்கதான் எழுதிகிட்டே இருக்கீங்களே. யார் வேணான்னது?"

பக்கத்து மேஜைக்குக் கேட்கக் கூடாது என்று போனைக் கையால் மூடிக்கொண்டேன்.

"நான்தான்," என்றேன்.