தேயிலைத் தீர்ப்பு

எங்க அண்ணனுக்கு வீட்ல நாங்க வச்சிருக்கற பேரு பிரசங்கி. ஆபீஸ் ஆபீஸா போய், அங்க வேலை செய்யறவங்களை ஹால்ல உட்கார வச்சு, எப்படிச் சிரிக்கணும், எப்படிக் கை குலுக்கணும்னு சொல்லித் தர்றதுதான் அவன் பொழப்பு. அதுக்கு மைக் வேற. வீட்டுக்கு வந்தாலும் மைக் கையில இருக்கற நெனப்புலயேதான் பேசுவான். போன வருஷம் ஏதோ மாநாடுன்னு பர்மாவுக்குப் போய்ட்டு நாலாம் நாளே திரும்பி வந்தான். வந்ததிலேர்ந்து அந்த நாட்டையே இவன்தான் கட்டி முடிச்ச மாதிரி ஒரே அளப்பு.

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் பர்மா ஹோட்டல்ல சாப்பிடறோம். அப்பா விஷயத்தை அங்க வச்சே முடிச்சிடுவோம்"னு ஃபோன்ல சொன்னப்பவே எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அப்பா தனியா இருக்கற மனுஷன். அம்மா போன பிறகும் அதே வீட்ல தானே பொங்கி, தானே துவைச்சுன்னு ஓட்டிட்டிருந்தார். போன மாசம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டார். காலையில விழுந்தவரை மத்தியானம் பக்கத்து வீட்டு நர்ஸ் எட்டிப் பார்க்கற வரைக்கும் ஈரத் தரையிலயே கிடந்திருக்கார். எலும்பு தப்பிச்சுது. ஆனா இனிமே தனியா விடாதீங்கன்னு டாக்டர் கறாரா சொல்லிட்டார். அப்ப யார் வீட்ல இருக்கறது? அதான் விஷயம். இதை வீட்ல உட்கார்ந்து பேசினா ஆகாதாம், துரைக்கு ஹோட்டல் வேணுமாம்.

அந்த ஹோட்டலாவது கீழ இருக்கா? டயர் கடைக்கு மேல மாடியில இருக்கு. வழுக்கி விழுந்த மனுஷனை நெட்டுக்குத்தலா ஒரு படிக்கட்டு ஏற வச்சான் புத்திசாலி. நான் முன்னாடி ஏறிப் போய் ஏசிக்குக் கீழ இடம் பிடிச்சேன். பிரசங்கி வாசல்ல நின்னு போர்டை ஃபோட்டோ எடுத்துக்கிட்டிருந்தான். தம்பி படியிலயே நின்னு ஃபோன் பேசிக்கிட்டிருந்தான். மருந்து கம்பெனியில விக்கற வேலை அவனுக்கு, ஞாயித்துக்கிழமைகூட எவனாவது கூப்பிட்டுக்கிட்டே இருப்பான். அப்பா கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா ஏறி வந்து சேர்ந்தார்.

உள்ள பிரம்பு நாற்காலி, கண்ணாடி போட்ட மேஜை, சுவர்ல ஒரு தங்கக் கோபுரப் படம். ஆர்டர் எடுக்க வந்த பொம்பளைகிட்ட பிரசங்கி பர்மா பாஷையில ஏதோ ரெண்டு வார்த்தை எடுத்து விட்டான். அந்தம்மா அவன் மூஞ்சியைக் கொஞ்ச நேரம் பார்த்தாங்க. அப்புறம், "மெனுவுல நம்பர் போட்டிருக்கு சார், அதைச் சொன்னாப் போதும்"னாங்க. எனக்கு வந்த சிரிப்பை அடக்க டம்ளர் தண்ணியைக் குடிக்க வேண்டியதாப் போச்சு. "இவங்க வேற மாவட்டம் போல, உச்சரிப்பு மாறும்"னு சமாளிச்சான். அண்ணி உடனே தலையாட்டினாங்க. அந்தக் கழுத்துக்கு வேற வேலையே கிடையாது.

மீன் சாறுல போட்ட நூடுல்ஸ் வந்துச்சு. ஆவி பறக்க நல்லாத்தான் இருந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா சாப்பிட விட்டாத்தானே? "இதுல வாழைத்தண்டு இருக்கு, இதை இப்படிக் கலக்கணும், எலுமிச்சையை இந்தப் பக்கம் பிழியணும்"னு எல்லார் கிண்ணத்துலயும் இவன் கை. அப்பா பல்செட்டைச் சரி பண்ணிக்கிட்டு சாறை உறிஞ்சிக்கிட்டிருந்தார்.

"சரி, விஷயத்துக்கு வருவோம்"னு தொண்டையைக் கனைச்சான் பிரசங்கி. "மூணு பிள்ளைங்க. நாலு நாலு மாசம். சுழற்சி முறை. அப்பா வீட்டைப் பூட்டிடுவோம். யாருக்கும் பாரம் இல்லை, அப்பாவுக்கும் ஒரு மாறுதல்."

மாறுதலாம்! எனக்கு அடக்க முடியல. "ஏண்ணே, அப்பா என்ன சூட்கேஸா? நாலு மாசத்துக்கு ஒரு தடவை தூக்கிட்டுப் போய் ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் வைக்க?"ன்னேன்.

"நீ உணர்ச்சிவசப்படற."

"நீ உணர்ச்சியே இல்லாம பேசற. பெத்தவரை ஒரு இடத்துல நிம்மதியா உட்கார விட மாட்டீங்களா? எந்த மாசம் எந்தக் கட்டில்னு அவர் காலண்டரைப் பார்த்துட்டா படுக்கணும்?"

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்கு இன்னும் வேகம் ஏறிப் போச்சு.

தம்பி ஃபோனைக் காதுலேர்ந்து எடுத்தான். "அக்கா சொல்றது வாஸ்தவம்தான். ஆனா என் ஃபிளாட் மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது." வாழ்நாள் பூரா லிஃப்ட் ரிப்பேர் பார்த்துப் பிள்ளைங்களைப் படிக்க வச்ச மனுஷன்கிட்ட லிஃப்ட் இல்லைன்னு சாக்கு சொல்றான், வெக்கங்கெட்டவன். அண்ணி அவங்க பங்குக்கு, "எங்க வீட்ல நாய் இருக்கு. மாமாவுக்கு அதோட முடி ஒத்துக்குமோ என்னமோ"ன்னாங்க. நாய்க்கு ஒரு ரூம் தனியா இருக்கு அந்த வீட்ல. நான் என் கண்ணால பார்த்திருக்கேன்.

நான் பார்லர் நடத்தறவ. எத்தனையோ மூஞ்சியைக் கையில பிடிச்சுப் பார்த்திருக்கேன். எவ எதைப் பூசி மெழுகறான்னு தொட்டவுடனே தெரியும். இதுங்க மூணும் அன்னைக்குப் பூசின பூச்சு அரை நிமிஷம்கூடத் தாங்காது. சொன்னேன் அதையும். "பெத்தவருக்குப் பட்ட கடனுக்குப் பயந்து ஓடறீங்களே, அதுக்கு ஒரு ஹோட்டல், அதுல ஒரு சாப்பாடு, தூ!"ன்னேன். பக்கத்து மேஜையில திரும்பிப் பார்த்தாங்க. பார்க்கட்டும்னு இருந்துட்டேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு வட்டத் தட்டு வந்துச்சு. நடுவுல கரும்பச்சையா எண்ணெய் மினுங்க ஊறவச்ச தேயிலை. சுத்தி வறுத்த பூண்டு, கடலை, எள்ளு, கருவாட்டு இறால். டீ போட்டுக் குடிக்கற இலையை இவங்க புளிக்க வச்சுத் தின்றாங்க.

பிரசங்கி முகம் பளிச்சுனு ஆயிடுச்சு. இதுக்காகத்தான் எங்களை இங்க இழுத்துட்டு வந்திருக்கான். "இதுக்கு ஒரு சரித்திரம் இருக்கு. அந்தக் காலத்துல பர்மாவுல ரெண்டு பேருக்கு வழக்குன்னா, தீர்ப்பு சொன்னதும் இந்தத் தேயிலையைக் கொடுப்பாங்க. ரெண்டு பேரும் அதை வாயில போட்டா தீர்ப்பை ஏத்துக்கிட்டதா அர்த்தம். அப்புறம் யாரும் பேச்சு மாறக் கூடாது. நாமளும் அதே மாதிரி..."

"தீர்ப்பு சொல்றது யாரு?"

கேட்டது அப்பா. வந்ததிலேர்ந்து அவர் பேசின முதல் பேச்சு அதுதான்.

"பெரியவங்கதான்ப்பா"ன்னான் பிரசங்கி. வாய் தவறி உண்மையைச் சொல்லிட்டான்.

"அப்ப நான்தானே?"

அப்பா நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கிட்டு கரண்டியை எடுத்தார்.

"நான் பாப்பா வீட்ல இருந்துக்கறேன்"னார். பாப்பான்னா நான்தான். தலை நரைச்சு டை அடிக்கறேன், அவருக்கு இன்னும் பாப்பாதான். "மாத்தி மாத்தி எல்லாம் வேண்டாம். அவ சொல்றதுதான் நியாயம், ஒரே இடத்துல இருந்துடறேன். மாப்பிள்ளை கப்பல்ல சமையல் வேலைக்குப் போனா வருஷத்துக்கு ரெண்டு மாசம்தான் வீட்ல. மாடியில அந்தச் சின்ன ரூம் சும்மாதானே கிடக்கு. என்னால தொந்தரவு இருக்காது."

சொல்லிட்டு எல்லார் தட்டுலயும் ஒவ்வொரு கரண்டி தேயிலை வச்சார். தன் தட்டுல மட்டும் வைக்கல.

அடேங்கப்பா, அவங்க சாப்பிட்ட வேகத்தைப் பார்க்கணுமே! பிரசங்கி மெல்லவே இல்லை, அப்படியே முழுங்கினான். தம்பி ஃபோனைக் கவுத்து வச்சுட்டு வழிச்சுத் தின்னான். அண்ணி, "ரொம்ப ருசியா இருக்கு மாமா"ன்னு இன்னொரு தடவை தட்டை நீட்டினாங்க. தொல்லை விட்டுதுன்னு மூணு மூஞ்சியிலயும் அப்பட்டமா எழுதி ஒட்டியிருந்துச்சு. மானங்கெட்ட ஜென்மங்க.

அப்புறம் எல்லாரும் என்னைப் பார்த்தாங்க.

கரண்டியை எடுத்தேன். தேயிலையை இந்தப் பக்கம் தள்ளினேன், அந்தப் பக்கம் தள்ளினேன். சின்ன ரூம்ல பார்லர் சாமான் கிடக்கு. க்ரீம் டப்பா, ஹேர் ட்ரையர், பழைய நாற்காலி. அதையெல்லாம் எங்க கொண்டு போடறது? காலையில கீழ கடையைத் திறந்தா ராத்திரி வரைக்கும் நிக்கறேன். நடுவுல மாடி ஏறி அவருக்குச் சாப்பாடு, மாத்திரை, வெந்நீர். புருஷன் ஊர்ல இல்லாத அந்தப் பத்து மாசம்தான் எனக்குன்னு கொஞ்சம் மூச்சு விடற நேரம். ஒவ்வொண்ணா மனசுல ஓடுச்சு, ஒண்ணும் பொய்யில்லை.

"எனக்குச் சந்தோஷம்தான்ப்பா"ன்னேன். "ஆனா... அந்த மாடிப்படி கொஞ்சம் செங்குத்தா இருக்கும். உங்களுக்குத்தான் கஷ்டமாயிடுமோன்னு..."

தம்பி குனிஞ்சு சிரிச்சான். பிரசங்கி சிரிக்கல, அவனுக்கு அதுக்கும் மேல ஒரு பார்வை வந்துச்சு. இத்தனை நேரம் நான் அவனைப் பார்த்த அதே பார்வை.

அப்பா கோபப்படல. கோபப்பட்டிருந்தா நானும் ரெண்டு வார்த்தை கத்தியிருப்பேன். கையை நீட்டி என் தட்டைத் தன் பக்கம் மெதுவா இழுத்துக்கிட்டார்.

"கசக்கும்மா. உனக்கு ஒத்துக்காது"ன்னார். "நான் என் வீட்லயே இருந்துக்கறேன். பாத்ரூம்ல ஒரு கம்பி அடிச்சுக்கிட்டா சரியாப் போச்சு."

என் பங்குத் தேயிலையை அள்ளி வாயில போட்டுக்கிட்டார். பல்செட்டுல சரியா அரைபடல, நிறைய நேரம் மென்னார். அவர் மென்னு முழுங்கி முடிக்கற வரைக்கும் அந்த மேஜையில ஒருத்தரும் வாயைத் திறக்கல. நானும்தான்.