தெற்கு மாடத்தின் எடை

1978ஆம் ஆண்டு மே மாதம், இங்கிலாந்தில் எங்கள் ஊர்க் கண்காட்சி மண்டபத்தை இடித்துவிட்டு வாகன நிறுத்துமிடம் கட்டுவதென நகரசபை தீர்மானித்தது. நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த இரும்புக் கூரையின்கீழ்க் கொழுத்த காளைகள் பரிசு பெற்றிருந்தன, யானைகள் வட்டமிட்டிருந்தன, ஆறு நாள் நடைப் போட்டியில் ஆட்கள் மயங்கி விழுந்திருந்தனர். கடைசியாக அஞ்சல் துறை பார்சல் பிரித்துவந்த அவ்விடம் இப்போது காலியாகக் கிடந்தது. இடிப்பதற்குச் சொல்லப்பட்ட காரணம் ஒன்றே: தெற்கு மேல்மாடம் பாரம் தாங்காது.

அம்மாடத்தில் பத்தொன்பது ஆண்டுகள் பார்சல் பிரித்த வின்னி அக்ராய்ட் இதை ஏற்க மறுத்தார்.

"பாரம் ஏத்திப் பாத்தீங்களா?" என்று பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டார்.

நகரசபைப் பொறியாளர் டெரெக் பிம்லாட் நேர்மையானவர், விதி பிசகாதவர். "ஆயிரத்து அறுநூறு ஸ்டோன் பாரத்தை இருபத்துநாலு மணி நேரம் இறக்காம வெச்சுப் பாக்கணும், மிஸஸ் அக்ராய்ட். அவ்வளவு மணல் மூட்டைக்கு எங்க போறது?"

"மூட்டை எதுக்கு, கண்ணு? நாங்க இல்ல?"

சிரிப்பு அடங்குமுன் எங்களில் நூற்றைம்பது பேர் பெயர் கொடுத்துவிட்டோம். இடிக்கும் இயந்திரங்கள் திங்கட்கிழமை வருவதாக இருந்ததால் சனிக்கிழமை நண்பகலில் மாடம் ஏறினோம். மாடம் முறிந்தாலும் ஆள் விழாதபடி பிம்லாட் அடியில் நான்கு விரல் இடைவெளி விட்டு முட்டுகளை நிறுத்தினார். தொய்வை அளக்க, எல்லைக்கோடு குறித்த ஊசிமானி ஒன்றையும் பொருத்தினார்; ஊசி அக்கோட்டைத் தொட்டால் மாடம் தோற்றதாகும். அவரவர் எடையை அவரவரே நோட்டில் எழுதினோம். ஒரு ஸ்டோன் ஏறக்குறைய ஆறேகால் கிலோ. கூட்டல் ஆயிரத்து அறுநூற்றை எட்டியது. ஒருவர் இறங்கினால் இன்னொருவர் எழுதிவிட்டு ஏற வேண்டும் என்பது ஏற்பாடு.

"என்னைய மட்டும் ரெண்டு ஆளா எழுதுங்கப்பா. கையில இருக்குற ரெண்டு பன்றிக்கறி வடையையும் கணக்குல சேத்துக்குங்க," என்றார் கசாப்புக் கடைக்காரர் சிட் ஓல்டிராய்ட்.

"வடைய இறக்கி வெச்சுட்டு ஏறுய்யா, மாடம் பயப்படுது!" என்று எவரோ குரல் கொடுத்தார்.

இரவு தேநீரிலும் பாட்டிலும் கழிந்தது. ஞாயிறு காலையில் சிட் முதலான ஆண்கள் பலர் கிரிக்கெட் ஆட்டத்துக்குப் போயாக வேண்டுமென்று இறங்கினர்; அவர்களுக்குப் பதிலாக அவர்தம் மனைவியர் ஏறினர். வின்னி தலைகளைத்தான் எண்ணினார். நோட்டைப் பார்க்கவில்லை.

நண்பகல் மணி அடித்தது. ஊசி எல்லைக்கோட்டைத் தொடவே இல்லை. எங்கள் ஆரவாரத்தில் கூரையின் கண்ணாடிகள் அதிர்ந்தன. பிம்லாட் மட்டும் நோட்டைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"காலையிலேர்ந்து ஆயிரத்து ஐந்நூத்து அறுபத்திரண்டுதான்," என்றார் அவர், மிகுந்த வருத்தத்துடன். "முப்பத்தெட்டு குறையுது. சோதனை செல்லாது, மிஸஸ் அக்ராய்ட். மறுபடி வைக்க நாளும் இல்ல."

காலையில் ஏறிய பெண்கள் பக்கம் வின்னி திரும்பினார். ஒருவரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை.

"அந்த நோட்டு பொய், டெரெக்."

"பொய்யா?"

"நான் பத்து ஸ்டோன்னு எழுதியிருக்கேன். என்னப் பாத்தா பத்து மாதிரியா இருக்கு?"

பிம்லாட்டின் காது சிவந்தது. "நான் அதையெல்லாம் கவனிக்கிறதில்லைங்க."

"கவனிக்க வேணாம். எடை போடுங்க."

அஞ்சல் துறை விட்டுச்சென்ற பெரிய பார்சல் தராசு கீழே சுவரோரம் இருந்தது. வின்னி முதலில் இறங்கி அதன்மேல் நின்றார். பிம்லாட் குனிந்து அவர் காதருகே எதையோ சொன்னார்.

"சத்தமாச் சொல்லுங்க. கூரைக்குக் கேக்கணும்."

"பன்னிரண்டே முக்கால்."

வேடிக்கை பார்க்க வந்த ஆண்கள் சிரித்தனர். வின்னி தராசைவிட்டு இறங்கவில்லை. சிரிப்பு ஓயும்வரை அவர்களை உற்றுப் பார்த்தபடி நின்றார்.

அடுத்து சிட்டின் மனைவி எத்தல். "முப்பது வருஷமா கட்டின புருஷனுக்கே சொல்லல. இப்ப ஊருக்கே சொல்லணுமா?" என்று முணுமுணுத்தார். ஆயினும் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினார். ஒன்பது என்று எழுதியவர் பதினொன்றரை இருந்தார். "அதுல அரை இந்தப் பை!" என்று அவர் கூவியபோது சிரித்தவர்கள் வரிசையில் நின்ற பெண்கள்தாம்.

ஒருவர் பின் ஒருவராக நூற்றைம்பது பேரும் தராசு ஏறினோம். பிம்லாட் ஒவ்வோர் எண்ணையும் உரக்கப் படித்தார். கூட்டல் ஆயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்று. காலையில் இறங்கிப்போன ஆண்கள், பதிலுக்கு ஏறிய மனைவியரைவிடப் பருத்தவர்கள். எனவே அதற்கு முன்பும் பாரம் குறைந்திருக்க வழியில்லை. ஆளற்ற மாடத்தின் அடியில் ஊசி மெல்ல மெல்லப் பின்வாங்கிப் பழைய இடத்தை நெருங்கி நின்றது. பிம்லாட் அதைப் பார்த்துவிட்டு, மாடம் பாரம் தாங்கும் என்ற சான்றுத் தாளில் கையெழுத்திட்டார். மறுநாள் வாசல்வரை வந்த இயந்திரங்கள் அந்தத் தாளைக் கண்டு திரும்பிப் போயின.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் மண்டபம் மாநாடுகளுக்கும் இசை நிகழ்ச்சிகளுக்கும் திருமண விருந்துகளுக்கும் உரிய இடமாகத் திறக்கப்பட்டது. அன்று புதிய மேலாளர் தெற்கு மாடத்துப் படியின் குறுக்கே வெல்வெட் கயிறு கட்டியிருந்தார்.

"மேல முக்கிய விருந்தினர்களுக்கு மட்டுந்தாம்மா."

வின்னி கயிற்றின் கொக்கியைக் கழற்றி அவர் கையில் வைத்தார்.

"பத்திரமா வெச்சுக்க, தம்பி," என்று சொல்லிவிட்டுப் படியேறினார். எத்தல் அவரைத் தொடர்ந்தார். பின்னாலேயே நாங்கள் அனைவரும் ஏறினோம்.