இயந்திரக் கோளாறு

மவுஸைக் கையில் எடுக்கச் சொன்னேன். கணக்குப் பிரிவு அம்மாள் நிஜமாகவே எடுத்தார். மேசையிலிருந்து தூக்கி, டிவி ரிமோட்டைப் போலத் திரைக்கு நேராகப் பிடித்து அழுத்தினார்.

"மேடம், என்னுது வேலை செய்யல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தபால் பிரிவுக்காரர் சிரிக்கவில்லை. அவரும் தன்னுடையதைத் தூக்கித்தான் வைத்திருந்தார்.

பதினாறு பேர். ஆளுக்கு இருபது, இருபத்தைந்து வருடம் அரசாங்க நாற்காலியைத் தேய்த்தவர்கள். எட்டு நாளில் இவர்களுக்குக் கம்ப்யூட்டரின் அடிப்படைச் சொற்களையும் ஒரு பக்கக் கடிதம் அடிப்பதையும் சொல்லிக்கொடுத்து, ஒன்பதாம் நாள் தேர்வு வைக்க வேண்டும் என்று உத்தரவு. பயிற்சிப் பிரிவிலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள். ஏழு வருடமாக இதே பிழைப்பு. கர்சர் என்றால் என்ன என்று சொல்லி, "கண்ணு சிமிட்டிக்கிட்டே நிக்குது பாருங்க, அந்தக் கோடுதான்" என்பேன். யாராவது ஒருவர் அதைத் தூசி என்று நினைத்துக் கைக்குட்டையால் துடைப்பார். சேவ் பண்ணியது எங்கே போச்சு என்று மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தவரைக்கூட எனக்குத் தெரியும். ஆரம்பத்தில் வீட்டுக்குப் போய்ச் சொல்லிச் சிரிப்பேன். இப்போது சிரிப்பு வருவதில்லை. இவர்கள் கையெழுத்துக்காகத்தானா ஊரே வரிசையில் நிற்கிறது என்று நினைத்துக்கொள்வேன், அவ்வளவுதான். முகத்தை மட்டும் நன்றாக வைத்துக்கொள்வேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அன்று, முதல் வரிசையின் நடு நாற்காலியில் சிவப்பு மை உட்கார்ந்திருந்தார்.

அது அலுவலகம் வைத்த பெயர். கண்காணிப்பாளர். எந்தக் கடிதம் போனாலும் அதில் ஒரு முற்றுப்புள்ளியாவது விட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தைச் சிவப்பில் சுழித்துத் திருப்பி அனுப்புவார். பதினோரு வருடத்துக்கு முன்னால் இதே கட்டடத்தில், இதே மாடியில், நான் ஆறு மாதம் தற்காலிக டைப்பிஸ்ட்டாக இருந்தேன். ஒரே ஒரு புள்ளிக்காக நான்கு பக்கத்தைத் திரும்ப அடிக்க வைத்தவர் அவர். "ஏம்மா, படிச்சிட்டுதான் வந்தியா, இல்ல யாராவது கையில பிடிச்சி விட்டாங்களா?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டவர். கடைசியில் ஒரு கடிதம் தவறான தேதியோடு போய்விட்டது. அவர் எழுதித் தந்த வரைவிலேயே தேதி தப்பு. நான் பார்த்ததை அடித்தேன். பழி என் தலையில் விழுந்தது. என் கோப்பில் அவர் எழுதிய வரி எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்: 'தட்டச்சுப் பணிக்கும் ஏற்றவரல்லர்.' அந்த 'உம்'தான் என்னை அதிகம் சுட்டது.

இப்போது அவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. கழுத்துச் சதை தொங்கியது. நான் வருகைப் பதிவை நீட்டியபோது நிமிர்ந்து என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், கீழே புள்ளி வைத்தார். அவர் கண்ணில் ஒன்றுமே இல்லை. என்னை மறந்திருந்தார். மறந்தவர் போல நடித்திருந்தால்கூட எனக்கு ஒரு மரியாதையாக இருந்திருக்கும்.

வீட்டில் சொன்னேன். என் கணவருக்கு லேத் பட்டறையில் வேலை. நகக்கண்ணில் ஏறிய கிரீஸைத் தேய்த்தபடியே கேட்டார்.

"அந்த ஆளுக்கு உன் மூஞ்சியே ஞாபகம் இல்லைங்கற. நீ எதுக்குடி பதினோரு வருஷமா அவரச் சுமந்துக்கிட்டு அலையற? எறக்கி வை."

"எறக்கி வைக்கத்தான் போறேன். அவர் தலையிலயே."

"என்னமோ பண்ணு. சோப்ப எங்க வச்ச?"

இரண்டாம் நாளிலிருந்தே சிவப்பு மையின் சுபாவம் வெளிப்பட்டது. "இதெல்லாம் டைப்பிஸ்ட் வேலை. நான் பேனா பிடிச்சவன்" என்று பொதுவாகச் சொன்னார். ஆனால் அவருக்கு வேறு வழியில்லை. மேலாளர் பதவி காலியாக இருந்தது, வரிசையில் அவர்தான் முதல் ஆள், ஓய்வு பெற ஒன்றரை வருடம். தேர்வில் தேறாதவர்களை ஊரின் மறுகோடியில் உள்ள பழைய கோப்புக் கிடங்குக்கு மாற்றுவார்கள் என்பதும் உத்தரவிலேயே இருந்தது. அதனால் ஒரு நீள நோட்டுப் போட்டு எல்லாவற்றையும் எழுதினார். ஃபைல் என்றால் இது, ஃபோல்டர் என்றால் இது, இரண்டுக்கும் வித்தியாசம் இன்னது. பேக்ஸ்பேஸ் இடது பக்கம் அழிக்கும், டெலீட் வலது பக்கம் அழிக்கும். படிக்க அழகாக இருந்தது. விசைப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்ததும் எல்லாம் ஆவியாகிவிடும். வரி முடிகிற இடத்துக்கு வருமுன்பே பயந்துபோய் என்டரைத் தட்டுவார்.

"தட்ட வேண்டாம் சார். அதுவா அடுத்த வரிக்குப் போயிடும்."

"அதுவா எப்படிம்மா போகும்? யாரு சொன்னா அதுக்கு?"

ஐந்து வரிக்கு ஒரு தடவை சேவ் பண்ணுங்கள் என்று நான் தொண்டை கிழியச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. "முடிக்காத லெட்டர்ல யாராவது கையெழுத்து போடுவாங்களா? முடிச்சிட்டுத்தான்." சேவ் என்பதை அவர் கையெழுத்து என்று புரிந்துகொண்டிருந்தார். அதைத் திருத்த நான் பெரிதாக மெனக்கெடவில்லை.

தபால் பிரிவுக்காரரை எல்லோரும் டெஸ்பாட்ச் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் மூன்றே நாளில் பிடித்துக்கொண்டார். கட், காப்பி, பேஸ்ட் மூன்றையும் உறைக்குள் காகிதம் போடுவதைப் போல அலட்டாமல் செய்தார். கற்றுக்கொண்டதைப் பக்கத்தில் இருப்பவருக்கும் சொல்லித் தருவார். ஒருநாள் சிவப்பு மையிடம், "சார், அந்தத் தலைப்பத் தடிமனாக்கணும்னா மொதல்ல அத செலக்ட் பண்ணணும்" என்று கையை நீட்டினார்.

"நீ உன் வேலையப் பாருய்யா. ஸ்டாம்ப் ஒட்டறவனெல்லாம் எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டான்."

டெஸ்பாட்ச் கையை எடுத்துக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இப்படிப்பட்டவர்களைப் பார்த்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வரும். சொரணை கெட்ட ஜென்மங்கள் என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் சிவப்பு மை வரவில்லை. மனைவிக்குக் கண் ஆபரேஷன். அன்றைக்குப் பாடம் அன்டூ: கடைசியாகச் செய்ததை இல்லாமல் ஆக்குவது. கன்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அழுத்தினால் போதும். வகுப்பே அதைக் கேட்டுக் குதூகலித்தது. கணக்குப் பிரிவு அம்மாள் ஒரு பத்தியை வேண்டுமென்றே அழித்து, திரும்ப வரவழைத்து, "அய்யோ, வாழ்க்கையில இப்படி ஒண்ணு இல்லாமப் போச்சே" என்றார். மறுநாள் காலை சிவப்பு மை நோட்டைத் திறந்து பேனாவோடு வந்து நின்றார்.

"நேத்து என்னம்மா நடத்தின?"

நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். நிமிராமலே சொன்னேன்.

"முக்கியமா ஒண்ணும் இல்ல சார்."

அவர் நோட்டில் தேதியை எழுதி, அதற்கு எதிரில் ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

தேர்வுக்கு நாற்பது நிமிடம். அச்சடித்த ஒரு பக்கக் கடிதத்தைப் பார்த்து அடிக்க வேண்டும். பொருள் என்ற வரியைத் தடித்த எழுத்தாக்கி, பக்கத்தின் இரு ஓரங்களையும் நேராக்கி, சேவ் செய்து, பிரின்ட் எடுக்க வேண்டும். சிவப்பு மை ஒரே விரலால் அடித்தார். வலது ஆள்காட்டி விரல் மட்டும் கோழி கொத்துவதைப் போல இறங்கி ஏறியது. இடது கை மடியில் கிடந்தது. நான் அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு முறை போய் நின்றேன். ஒரு பிழை இல்லை. ஒரு புள்ளி விட்டுப்போகவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. முப்பத்தொன்றாம் நிமிடத்தில் கடைசி வரியை முடித்து, சட்டைப் பையிலிருந்து கைக்குட்டை எடுத்து நெற்றியைத் துடைத்தார். பிறகு ஓரத்தை நேராக்குவதற்காக, நோட்டில் எழுதியிருந்தபடி முழுப் பக்கத்தையும் செலக்ட் செய்தார். எழுத்தெல்லாம் நீலத்தில் மூழ்கின. மவுஸைப் பிடிக்கப் போன கை வழியில் இருந்த ஸ்பேஸ் பாரில் இடித்தது.

பக்கம் வெள்ளையாகிவிட்டது.

அவர் சத்தம் போடவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். கர்சர் மட்டும் மேல் ஓரத்தில் கண் சிமிட்டியது. அப்புறம் தாளை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு, முதல் வரியின் முதல் எழுத்திலிருந்து அதே ஒற்றை விரலால் அடிக்கத் தொடங்கினார். எட்டு நிமிடம் மிச்சம்.

இந்தக் காட்சிக்காகத்தான் நான் காத்திருந்தேன் என்று சொல்லலாம். ஆனால் பார்க்கும்போது எனக்கு ருசிக்கவில்லை. நான்காவது நாற்காலியிலிருந்து டெஸ்பாட்ச் எட்டிப் பார்த்தார். குனிந்து, ஷூ லேஸைக் கட்டுகிற பாவனையில், "சார், கன்ட்ரோல்..." என்றார்.

"பேசக் கூடாது" என்றேன். என் குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "இன்னொரு வார்த்தை வந்தா ரெண்டு பேரையும் எழுப்பி விட்டுடுவேன்."

டெஸ்பாட்ச் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்குப் பழக்கமான பார்வைதான். எட்டு நாளாக அந்தப் பதினாறு பேரையும் நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்மேல் அது விழுந்ததில்லை. நான் கடிகாரத்தைப் பார்க்கப் போய்விட்டேன்.

நேரம் முடிந்தபோது சிவப்பு மையின் திரையில் ஆறு வரிகள் இருந்தன. அவற்றில் பிழை இல்லை.

எல்லோரும் போனபின் அவர் மட்டும் வந்து நின்றார்.

"ஏம்மா, அந்தாளு கன்ட்ரோல்னு என்னமோ சொல்ல வந்தான். அது என்ன?"

"அன்டூ சார். கன்ட்ரோலும் இசட்டும். கடைசியா பண்ணினதை இல்லாம ஆக்கிடும்."

"அப்ப என் லெட்டர்?"

"திரும்ப வந்திருக்கும்."

தலையை ஆட்டிக்கொண்டார். நோட்டைப் புரட்டி, ஐந்தாம் நாளின் தேதியையும் அதற்கு எதிரில் இருந்த கோட்டையும் விரலால் தொட்டார்.

"கேட்டேனே. முக்கியமா ஒண்ணும் இல்லன்னு சொன்னியே."

அவர் குற்றம் சாட்டவில்லை. இரண்டு கோப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கிறவரின் குரல் அது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"சார், என்னைத் தெரியுதா?"

பார்த்தார்.

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி இங்க டைப்பிஸ்ட்டா இருந்தேன். ஆறு மாசம்."

"எந்த சீட்?"

"ஜன்னலோரம். இரும்பு பீரோ பக்கத்துல."

"அங்க நெறைய பேரு உட்கார்ந்தாங்கம்மா." அவர் முயற்சி செய்தார். என் நெற்றியை, காதை, கையை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கிடைக்கவில்லை. பிறகு கேட்டார்: "நான் ஏதாவது எழுதிட்டனா?"

"தட்டச்சுப் பணிக்கும் ஏற்றவரல்லர்னு எழுதினீங்க."

உதட்டை அசைத்து அந்த வாக்கியத்தை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார்.

"வாக்கியம் சரிதான்" என்றார். நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கதவுப் பக்கம் போனார்.

நான் சிரித்தேனா, திட்டினேனா என்று எனக்கே நினைவில்லை. முடிவுப் பட்டியலை அடித்தேன். பதினைந்து பேர் தேர்ச்சி. ஒருவர் தேர்ச்சியில்லை. துணை இயக்குநர் அதைப் படித்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார்.

"இவரா? இவரு ஃபெயிலாயிட்டா மேலாளர் சீட்டுக்கு நான் எங்க போறது? பயிற்சியாளர் சிபாரிசு பண்ணினா திங்கட்கிழமை மறுதேர்வு வைக்கலாம். காரணம் மட்டும் எழுதிக் குடுத்துடுங்க. என்ன நடந்துச்சு?"

என்ன நடந்தது என்று சொல்ல இரண்டு வரி போதும். வாய் வரைக்கும் வந்தது.

"சிஸ்டத்துல ஏதோ பிரச்சனை சார்."

"அதையே எழுதுங்க."

பயிற்சி அறைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். 'இயந்திரக் கோளாறு காரணமாக' என்று அடித்தேன். அந்த இயந்திரத்தில் ஒரு கோளாறும் இல்லை. அது எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தது. வரியின் கடைசியில் புள்ளி இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு பிரின்ட் கொடுத்தேன். தாள் சூடாக வெளியே வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன்.

கீழே வண்டி நிறுத்துமிடம் ஏறக்குறைய காலியாக இருந்தது. டெஸ்பாட்ச் தன் ஸ்கூட்டர் சீட்டில் படிந்திருந்த தூசியில் விரலால், விசைப்பலகையைப் போல வரிசையாகச் சிறுசிறு கட்டங்கள் போட்டுக்கொண்டிருந்தார். எதிரில் சிவப்பு மை, இடுப்பை வளைத்து, மூக்குக் கண்ணாடியைச் சீட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் குனிந்திருந்தார். என்னவோ கேட்டார். பிறகு மடித்தே வைத்திருந்த இடது கையைத் தயக்கத்தோடு நீட்டி, சுண்டுவிரலை ஒரு கட்டத்தின் மேல் வைத்தார். டெஸ்பாட்ச் அந்த விரலைப் பிடித்துத் தூக்கி, பக்கத்துக் கட்டத்தில் வைத்தார்.