நாற்பதுக்கு முப்பத்தெட்டு

என் மனைவி மருத்துவமனை ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறவள். பதினொரு வருடமாகக் கழுவுகிறாள். ஆய்வக உதவியாளர் தேர்வில் தேறினால் தொட்டியை விட்டு மேசைக்குப் போகலாம், ரத்தம் பிடித்த சோதனைக் குழாய்களைக் கையாளலாம். அந்தத் தேர்வை மூன்று முறைதான் எழுத விடுவார்கள். இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. மூன்றாவதும் போனால் ஓய்வு பெறும் நாள்வரை தொட்டிதான்.

முதல் இரண்டு முறை அவள் படித்த அழகை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மஞ்சள் பேனா ஒன்றை வாங்கி வந்து முக்கியமான வரிகளுக்குப் பூசினாள். எல்லா வரியும் முக்கியமாகத் தெரிந்ததால் புத்தகம் முழுக்க மஞ்சளாகிவிட்டது. அதையே திரும்பத் திரும்ப வாசித்தாள். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது, தேர்வு அறையில் ஒன்றும் வரவில்லை.

நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். லிஃப்ட் சரியாகிவிட்டதா என்று கையேட்டைப் புரட்டிக் கண்டுபிடிக்க முடியாது, ஓட்டித்தான் பார்க்க வேண்டும். படிப்பும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றியது. அதனால் மூன்றாவது முறைக்கான பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். பாடத்திலிருந்து நானூறு கேள்விகளை அட்டைகளில் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் தேர்வில் வருவது போலவே நான்கு விடைகள், அதில் ஒன்று சரி. தினமும் காலை ஆறு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்காருவோம். அட்டைகளைக் குலுக்கி நாற்பது எடுப்பேன். நான் கேட்பேன், அவள் சொல்வாள்.

முதல் வாரம் பதினேழு, பத்தொன்பது என்று வந்தது. இரண்டாம் மாதம் முப்பதைத் தாண்டியது. மூன்றாம் மாதத்தில் முப்பத்தெட்டுக்குக் கீழே இறங்கவே இல்லை. வேலை இடத்தில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். "கரைச்சுக் குடிச்சுட்டா" என்றேன். "பரீட்சை எழுதப் போறது யாரு, நீயா அவங்களா?" என்று உடன் வேலை செய்கிறவன் கேட்டான். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

தேர்வுக்குப் பதினாறு நாள் இருக்கும்போது என் அக்கா வந்தாள். அவள் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள், நாலு நாள் எங்களோடு தங்கல். பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்வது அவள் வேலை. வண்டி புறப்பட்டாலும், ரத்தானாலும், எவர் பையாவது தொலைந்தாலும் ஒரே குரல்தான். வீட்டிலும் அதே குரல்தான். தம்பி வா, சாப்பிடு, உனக்குத் தொப்பை போட்டுவிட்டது, எல்லாமே ஒரு அறிவிப்பு.

மறுநாள் விடிந்ததும் ஒரு லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டதாகக் கூப்பிட்டார்கள். நான் ஓடினேன். அட்டைகளை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனேன்.

பத்து மணிக்குத் திரும்பி வந்தபோது என் மனைவி வேலைக்குக் கிளம்பாமல் மேசையிலேயே உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"பதினாலு" என்றாள் அக்கா.

"என்ன பதினாலு?"

"நாப்பதுக்குப் பதினாலு."

நான் அட்டைகளை வாங்கிப் பார்த்தேன். எல்லாம் அவள் பலமுறை சரியாகச் சொன்ன கேள்விகள். சர்க்கரை பார்க்க எடுக்கும் ரத்தத்துக்கு எந்த நிற மூடி போட்ட குழாய் என்ற கேள்விக்குக்கூடப் பச்சை என்றிருக்கிறாள். சாம்பல் என்று எனக்கே தெரியும்.

"ஏன் இப்படி?" என்றேன்.

"தெரியலங்க. நீங்க கேட்டா பதில் வருது. அண்ணி கேட்டா வரவே மாட்டேங்குது." தேர்வுக்குப் பதினைந்து நாள்தான் இருக்கிறது என்பதையே மூன்று பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அக்கா தன் வழக்கப்படி பதற்றப்படாமல் யோசித்தாள். அடுத்த நாள் காலை என்னையே கேட்கச் சொன்னாள். அவள் என் மனைவியின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கண்கொத்திப் பாம்பு மாதிரி என்னையே பார்த்தாள். நான் கேட்டேன். முப்பத்தெட்டு.

"தம்பி, நீ எப்பவாச்சும் சீட்டு ஆடியிருக்கியா?" என்றாள் அக்கா.

"இல்லையே."

"ஆடிடாதே."

பிறகு விளக்கினாள். "தப்பான விடையைப் படிக்கறப்ப அட்டையைப் பாக்கறே. சரியான விடை வந்ததும் அவளைப் பாக்கறே. புருவம் மேல போயிடுது. அவ தப்பைச் சொல்ல வாயத் திறந்தாலே உன் மூஞ்சி செத்துப்போகுது, அவ உடனே மாத்திக்கறா. நீ பரீட்சை வைக்கலடா. விடையை எழுதி நெத்தியில ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கே."

எனக்குச் சுருக்கென்றது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டுப் பார்த்தேன். முப்பத்து மூன்று வந்தது. அப்படியென்றால் குரலும் காட்டிக்கொடுக்கிறது. தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, கரகரவென்று வேறு குரலில் கேட்டேன். முப்பத்தொன்று. அக்கா சிரித்தேவிட்டாள், அவள் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகிறது. என் மனைவி சிரிக்கவில்லை.

"மூணு மாசமா நான் பாடத்தைப் படிக்கல" என்றாள். "உங்களைத்தான் படிச்சிருக்கேன்."

அன்றிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். கேள்வி அட்டைகளிலிருந்து நான்கு விடைகளையும் அக்கா கத்தரித்துப் போட்டாள். வெறும் கேள்வி, ஒரு வெள்ளைத் தாள், ஒரு பேனா. விடையை என் மனைவியே எழுத வேண்டும். எழுதியதும் பக்கத்தில் தெரியும் என்றோ ஊகம் என்றோ குறிக்க வேண்டும். அப்புறம்தான் புத்தகத்தைத் திறக்கலாம். தவறியவை மறுநாள் மறுபடியும், பிறகு மூன்று நாள் விட்டு இன்னொரு முறை. தெரியும் என்று போட்டுத் தவறியவற்றுக்குச் சிவப்பு வட்டம்.

"அதுதான் ஆபத்து" என்றாள் அக்கா. "தெரியாததைத் தெரியாதுன்னு நெனச்சா பரவால்ல." சொல்லிவிட்டு நாலாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மிச்ச நாட்கள் என் மனைவி படுக்கை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். முதல் நாள் ஒன்பது. அடுத்த நாள் பன்னிரண்டு. நான் கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டிருப்பேன். உள்ளே பேனா ஓடும் சத்தம் விட்டு விட்டுக் கேட்கும். ஒருநாள் வெளியே வந்தவளிடம், "எந்தக் குழாயை முதல்ல நிரப்பணும், நீலமா ஊதாவா?" என்று கேட்டேன். "கேக்காதீங்க" என்று கையால் என் முகத்தை மறைத்தாள். எனக்குக் கோபம் வந்தது. நானூறு அட்டை எழுதியவன் நான். பாதிக்குமேல் எனக்கே மனப்பாடம். அந்தக் கோபத்தை யாரிடமும் சொல்ல முடியவில்லை, அதில் நியாயம் இல்லை என்று எனக்கே தெரிந்திருந்தது.

தேர்வுக்கு முந்தின நாள் இருபத்தொன்பது வந்தது. முப்பத்தெட்டு என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது மட்டமாக இருந்தது. அவளோ நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

தேர்வு முடிந்து வந்தவளிடம் எப்படி என்றேன்.

"நூறு கேள்வி. அறுபத்தஞ்சு தெரிஞ்சு எழுதினேன். மீதி ஊகம்."

தேற எழுபது வேண்டும். நாலு விடையில் ஒன்று சரி என்றால் முப்பத்தைந்து ஊகத்தில் எட்டோ ஒன்பதோ தேறும் என்று நான் கணக்குப் போட்டேன். போன இரண்டு முறையும் நன்றாக எழுதியதாகச் சொல்லிவிட்டுத்தான் தோற்றாள். இந்த முறை அவள் எண்ணைச் சொன்னது எனக்குத் திகிலாகவும் இருந்தது, கொஞ்சம் மரியாதையாகவும் இருந்தது.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. எனக்கு விடுமுறை, வீட்டில் இருந்தேன். பிற்பகல் அவள் வந்தாள். பையை ஆணியில் மாட்டினாள், கை கழுவினாள், எதிரே உட்கார்ந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். புருவத்தைப் பார்த்தேன், உதட்டைப் பார்த்தேன். எப்போதும் இருக்கிற முகம்தான். போயிற்று என்று முடிவு கட்டினேன்.

"போனா போகுது, விடு" என்று ஆரம்பித்தேன். "தொட்டியும் ஒரு வேலைதான். நீ இல்லாட்டி அந்த ஆய்வகமே நடக்காது. இதுக்கெல்லாம் மனசை விட்டுடாதே." மூன்று வாரமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த ஆறுதல் அது, நிறுத்தாமல் வந்தது. அவள் குறுக்கிடாமல் முழுவதும் கேட்டாள்.

"எழுபத்திரண்டு" என்றாள்.

"அப்போ பாஸா?"

"பாஸ். திங்கக்கிழமைலேர்ந்து மேசைக்கு."

"பின்ன ஏன் முகத்தை இப்படி வச்சிருக்கே?"

"எப்படி வச்சிருக்கேன்?" என்றாள். "சந்தோஷமா இருந்தா என் முகம் இப்படித்தாங்க இருக்கும். கல்யாணம் ஆனதுலேர்ந்து இப்படித்தான்."

கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம் ஆகிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன்.