அண்ணன் சொன்ன கோயம்புத்தூர்

என் அண்ணன் டெனின் கோயம்புத்தூரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அந்த ஊருக்கே வெட்கம் வந்துவிடும். அங்கே வேலைக்குப் போனவன் ஈஸ்டருக்குக் கோத்தகிரி வந்தான். தேயிலை எஸ்டேட்டில் அம்மாவுக்குக் கொடுத்திருந்த லைன் வீட்டில் உட்கார்ந்து, நாள் முழுக்க இரண்டு ஊரையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"இங்க புள்ளைக்குக் காய்ச்சல்னா ஜீப்புக்குக் காத்துக் கெடக்கோணும். அங்க தெருமுனையிலயே ஆஸ்பத்திரி. கம்பளி, ஸ்வெட்டர், வெறகுன்னு ஒரு செலவும் இல்ல ஆன்சி. நம்ம கேத்தி கேரட்டே அங்கதான் சல்லிசு."

"தண்ணி எப்படிங்ணா?" என்றேன்.

"சிறுவாணித் தண்ணி. குடிச்சுப் பாத்துட்டு அப்பறம் பேசு."

அந்த மே மாதம் அம்மாவுக்கு ஓய்வு. நிரந்தரத் தொழிலாளி ஓய்வு பெறும்போது அந்த இடத்தைப் பிள்ளைகளில் ஒருவருக்குக் கொடுப்பது எங்கள் எஸ்டேட் வழக்கம். வேலை யாருக்கோ, வீடும் அவருக்குத்தான். நான் வருடக்கணக்காகத் தற்காலிகமாகக் கொழுந்து பறித்ததே அந்த இடத்துக்காகத்தான். என் வீட்டுக்காரர் பெனிஸும் அதை நம்பித்தான் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரியில் காலம் தள்ளினார்.

கடைசியாக அண்ணன் ஒன்று சொன்னான். "நாங்க பெரிய ஊட்டுக்குப் போறோம். அம்மாளும் அங்க வந்துரும். இப்ப இருக்கற ஊட்டை உங்களுக்குப் பேசி உடறேன். வேற யாருக்காச்சும் செய்வனா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுவாரமே எஸ்டேட் ஆபீசுக்குப் போய், "அம்மா இடம் எனக்கு வேண்டாங்க" என்றேன்.

"நல்லா யோசிச்சியாம்மா? சொன்னா சொன்னதுதான்" என்றார் கிளார்க். இத்தனை படித்தும் உலகம் தெரியாமல் இருக்கிறாரே என்று அவருக்காகப் பரிதாபப்பட்டேன். அம்மா பக்கத்தில் நின்று முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். பிரியப்போகும் வருத்தம் என்று நினைத்தேன்.

கோயம்புத்தூரில் அண்ணன் காலி செய்த வீட்டுக்கே குடிபோனோம். அந்தச் சந்தில் குழாய் இருந்தது, தண்ணீர்தான் இல்லை. லாரி வந்தால் குடத்தோடு ஓட வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே பிள்ளைகளுக்கு வேர்க்குரு சீழ் பிடித்தது. தெருமுனையில் ஆஸ்பத்திரி இருந்தது உண்மை. ஒருமுறை உள்ளே போய் வந்தால் அந்த மாத அரிசிக்குத் திண்டாட்டம். பெனிஸ் பகலில் மில், இரவில் வாட்ச்மேன் என்று உழைத்தும் வாடகைக்கே சரியாக இருந்தது. அண்ணன் போனை எடுப்பதில்லை. பெரிய வீடு, பெரிய வேலை, நேரம் இருக்காது என்று நானே அவனுக்குச் சாக்குச் சொல்லிக்கொண்டேன். என்னை மாதிரி முட்டாள் கிடையாது.

அம்மா இன்னும் எஸ்டேட்டில்தான் இருந்தாள். வீட்டைக் காலி செய்யத் தவணை கொடுத்திருக்கிறார்கள் என்று போனில் சொன்னாள். காலாண்டு லீவில் பிள்ளைகளோடு பார்க்கப் போனேன். வாசலில் கம்பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான் அண்ணன். தேயிலைக்கு மருந்தடிக்கிற வேலையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்திருக்கிறான். உள்ளே அண்ணி ஸ்டெபி சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவின் இடம் யாருக்குப் போயிற்று என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

என்ன பேசுவதென்று தெரியாமல் அவன் கேட்டான். "லாரி இப்பவாச்சும் ஒழுங்கா வருதா?"

"தெரிஞ்சுதான் அனுப்புனியா?" அண்ணனை அதற்குமுன் நான் 'நீ' என்று பேசியதில்லை.

அவன் கழற்றிய பூட்ஸை ஓரமாகத் தள்ளி வைத்தான். அம்மாதான் பேசினாள். "அவனால அங்க பொழைக்க முடியல கண்ணு. வந்து அழுதான். நீ எங்க போனாலும் பொழச்சுக்குவே."

அண்ணன் ஏமாற்றியதைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவேன். இதை மன்னிக்க மாட்டேன். என் கெட்டிக்காரத்தனத்தையே காரணம் காட்டி என்னைக் கழித்துக் கட்டியிருக்கிறாள் பெற்றவள்.

பிள்ளைகள் குளிர்ந்த தரையில் உருண்டு சிரித்தன. மகள் பாட்டியிடம் கேட்டாள், "அம்மிச்சி, நாங்க லீவு முடியற வரைக்கும் இங்கயே இருக்கட்டுமா?"

அம்மா அவளைப் பார்க்காமல் என்னிடம் சொன்னாள்.

"சோறு தின்னுட்டு மூணு மணி பஸ்ஸைப் புடிச்சுரு கண்ணு. வெளியாளுங்க ராத்திரி தங்குனா எஸ்டேட்ல கேப்பாங்க."