மூன்றாவது பொங்கு

பெரியநாயக்கன்பாளையத்தில் பழனியாத்தாள் அடுப்பில் வைத்த டீ, போசியின் விளிம்புக்கு ஒரு விரல் மேலே பொங்கி எழுந்து, வழியாமலும் அடங்காமலும் ஏழு மாதம் பதினொரு நாள் நின்றது. பத்து நாள்தான் என்பவர்களும் உண்டு. காலண்டரில் எண்ணினால் பதினொன்றுதான் வருகிறது. அது மசாலா டீ. இடித்த இஞ்சி, நான்கு ஏலக்காய், ஒரு துண்டு பட்டை தண்ணீரில் கொதித்து, தூள் போட்டு, பால் ஊற்றிய பிறகு மூன்று முறை பொங்க வேண்டும், முதல் இரண்டு முறையும் தீயைக் குறைத்து அடக்க வேண்டும், சர்க்கரை கடைசியில். மகன் பவன் பம்பு கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து நாலரைக்கு வருவான். இரண்டாவது பொங்கில் இறக்கிவிட்டால் கண்டுபிடித்துவிடுவான். "ஏனுங்மா, இது டீயா, டம்ளர் கழுவுன தண்ணியா?" என்பான். போன வருஷம் ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை மூன்றாவது பொங்கு எழுந்த நேரத்தில் போன் வந்தது. மேட்டுப்பாளையம் ரோட்டில் லாரி மோதிவிட்டது.

செய்தி கேட்டு ஓடி வந்த நாத்தனார் சென்னியம்மாள், தரையில் உட்கார்ந்திருந்த பழனியாத்தாளைப் பார்ப்பதற்கு முன் பொங்கி நின்ற பாலைப் பார்த்தாள். பொங்குகிற பாலைப் பார்த்த எந்தப் பெண்ணும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். கை தானாகப் போய்த் தீயைக் குறைத்தது. டீ அரை விரல் இறங்கியது. அதே நிமிடம் ஆஸ்பத்திரியிலிருந்து பழனியாத்தாளின் புருஷன் நஞ்சப்பன் போனில் கூப்பிட்டார். "மூச்சு நிக்கறாப்புல இருக்குது அம்மணி." பழனியாத்தாள் எழுந்து தீயைக் கூட்டினாள். டீ ஏறியது. "வந்துருச்சு, வந்துருச்சு," என்றார் அவர். அவள் இன்னொரு முறையும் தீயைக் குறைத்துச் சோதித்துப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். அதை நம்ப முடியவில்லை.

சிலிண்டர் தீரவில்லை. ஏஜென்சிக்காரர் வந்து எடை போட்டு, முழுசாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார். டீ தீயவும் இல்லை. ஏலக்காய் வாசம் பஸ் ஸ்டாப் வரை அடித்தது. ஆபத்து வருகிறவர்களின் கையில்தான் இருந்தது. பவனைப் பற்றி விசாரிக்க வந்த பெண்கள் பேசிக்கொண்டே அடுப்பின் பக்கம் கையை நீட்டினார்கள். அதனால் பழனியாத்தாள் அடுப்பின் குமிழைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். தூங்கும்போதும் முடிச்சு அவிழவில்லை. சோறு சென்னியம்மாள் வீட்டிலிருந்து வந்தது.

கார்த்திகையில் பவனை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கண் திறந்திருந்தது, யாரையும் பார்க்கவில்லை. தையில் முதுகில் புண் வந்தது. மாசியில் அது எலும்பைத் தொட்டது. புண்ணைக் கழுவும்போது மட்டும் முனகினான். அப்போதெல்லாம் அடுப்பில் டீயின் மேலிருந்த ஆடை நடுங்கியது.

"போதுமுங் நங்கையா. உட்ருங்க," என்றாள் சென்னியம்மாள்.

"உங்கூட்டுப் பையனா இருந்தா உடுவியா?"

"உடமாட்டேனுங்க. அதுனாலதான் நாஞ் சொல்றேன்."

பங்குனியில் ஒரு புதன்கிழமை பழனியாத்தாள் புண்ணைக் கழுவி, துணி மாற்றி, மகனுக்குத் தலை வாரிவிட்டாள். பிறகு சமையலறைக்குப் போனாள். நாலரைக்குத் தீ அணைந்தது. டீ அவசரப்படாமல் அடங்கியது. கட்டிலருகே இருந்த நஞ்சப்பன் "அம்மணி" என்று ஒரே ஒரு முறை கூப்பிட்டார்.

கைப்பழக்கம் கெடுத்துவிட்டது என்று ஊர் சொன்னது. இத்தனை மாதம் காத்தவள், கண் அசந்த நேரத்தில் பால் பொங்குகிறதே என்று அணைத்துவிட்டாளாம். இதை முதலில் சொன்னவள் சென்னியம்மாள். பழனியாத்தாள் மறுக்கவில்லை. குமிழ் முந்தானை முடிச்சில்தானே இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

எழவு வீட்டில் மூன்றாம் நாள் வரை அடுப்பு பற்ற வைக்கக்கூடாது. போசியிலிருந்த டீ மூன்று நாளும் சூடாகவே இருந்தது. மூன்று டம்ளருக்கு வைத்தது, வந்த முந்நூறு பேருக்கும் போதுமானதாக இருந்தது. சர்க்கரை போட்டிருக்கவில்லை. எல்லோரும் அப்படியே குடித்தார்கள்.