சப்பாத்துச் சத்தம்

சிவசாமிக் கங்காணியின் குடும்பத்தை நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் யாரும் ஒரு சொல் குறைத்துப் பேசியதில்லை. காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்குப் பிந்தியவர்கள் அந்த வீட்டில் இல்லை. பாதையில் பின்னால் சப்பாத்துச் சத்தம் கேட்டால், வருவது துரையா, அவருக்குக் கீழே வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கா என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓரமாக இறங்கித் தலைகுனிந்து நிற்பார்கள். மகள் நாகலெட்சுமி ஏழு வயதில் ஒருமுறை விளையாட்டு நினைப்பில் ஒதுங்காமல் இருந்துவிட்டாள். அன்று லயத்து வரிசை வீட்டு வாசலில் நாலு பேர் பார்க்க அவளை அடித்தார் சிவசாமி. பிறகு அவளுக்கு அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இப்போது அவளுக்குப் பதினொரு வயது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து முதன்முதலாக ஒரு பிள்ளை, டவுன் பிள்ளைகளோடு நூறு யார் தூர ஓட்டம் ஓட வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஆறு பாதை பிரித்திருந்தார்கள். முதல் ஓட்டத்தில் மூன்று பேருக்குள் வந்தால் கடைசி ஓட்டத்துக்கு இடம். அதில் முதல் இரண்டு பேர் நுவரெலியாவில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போகலாம்.

முதல் ஓட்டத்தில் நாகலெட்சுமிக்கு ஓரத்துப் பாதை. பாதித் தூரம் வரை அவள்தான் முன்னால். அடுத்த பாதையில் ஓரடி பின்னால் வந்தவள் செல்வமலர், கண்டாக்கு பாலச்சந்திரனின் மகள். வெள்ளைச் சப்பாத்து போட்டிருந்தாள். கெட்டித் தரையில் அந்தச் சத்தம் நெருங்கியதும் நாகலெட்சுமி சட்டென்று கோட்டைத் தாண்டிப் புல்லில் இறங்கித் தலையைக் குனிந்தாள். செல்வமலர் கடந்து போனாள். கூட்டம் போட்ட கூச்சலில்தான் இவளுக்கு நினைவு திரும்பியது. விழுந்தடித்து ஓடி மூன்றாவதாக வந்தாள்.

நடுவர்கள் கூடிப் பேசினார்கள். தோட்டத்துப் பள்ளித் தலைமையாசிரியர் தம்பிஐயா, பிள்ளை யாரையும் மறிக்கவில்லையே என்று வாதாடினார். இந்த ஒரு தடவை விடுகிறோம், இனிக் கோட்டை மிதித்தால் பெயரை வெட்டிவிடுவோம் என்றார்கள்.

நாற்காலி வரிசையில் இருந்த கண்டாக்கு, பின்னால் நின்ற சிவசாமியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"கங்காணி, பிள்ளையை நல்ல மரியாதையாத்தான் வளர்த்திருக்கிறீர்."

அந்த வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வராதா என்று வருஷக்கணக்கில் காத்திருந்தவர்தான் சிவசாமி. இன்று அது கன்னத்தில் விழுந்த அறை மாதிரி இருந்தது. பக்கத்தில் நின்ற தோட்டத்து இளைஞன் அழகுமுத்து வேறு, "ஏன் மாமா, அடுத்த தடவை பிள்ளைய எல்லாருக்கும் பின்னாலேயே ஓடச் சொல்லுங்களேன், ஒதுங்குற வேலை மிச்சம்" என்றான். சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

தம்பிஐயா அவரை ஓரமாகக் கூப்பிட்டார். ஒரு மாதம் பழக்கியதில் அவள் ஒருநாளும் கோடு தவறவில்லை என்றார். கூட ஓடியவர்கள் எல்லாம் வெறுங்கால் பிள்ளைகள் என்பது தனக்குத் தோன்றாமல் போய்விட்டதாம்.

"இனி நான் சொல்லிப் பலனில்லை, கங்காணி. அவள் பயப்பிடுறது உங்களுக்கு."

கடைசி ஓட்டப் பிள்ளைகளை நாற்காலிகளுக்கு முன்னால் நிறுத்தி, சட்டையில் இலக்கம் குத்திக்கொண்டிருந்தார்கள். சிவசாமி அங்கேயே போனார். அவரைக் கண்டதும் நாகலெட்சுமி ஓரடி பின்னால் போனாள்.

"சத்தம் கேட்டுச்சுப்பா. கால் தானா எறங்கிருச்சு. அடிக்காதீங்கப்பா."

அது கண்டாக்குக்கும் கேட்டது. சிவசாமி குனிந்து மகளின் காதோடு பேசியிருக்கலாம். பேசவில்லை. தேயிலை மலையில் ஆட்களுக்கு வேலை சொல்லும் அதே குரலில் சொன்னார்.

"சத்தம் கேக்கும். கேட்டா இன்னும் வேகமா ஓடு. அந்தக் கோட்டுக்குள்ள நீ ஒதுங்க வேண்டிய ஆளு யாருமில்ல."

"கண்டாக்கையா மகளுக்குமா?"

"அவங்களுக்கும்தான்."

கண்டாக்கின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. நாளைக்குப் பெரட்டு முடிந்ததும் கங்காணி தன்னை வந்து பார்க்க வேண்டும் என்றார். அப்படிப் பார்க்கப் போன இரண்டு கங்காணிமார் பிறகு கங்காணிமாராக இருக்கவில்லை. சிவசாமி, சரிங்கய்யா என்றார்.

விசில் ஊதினார்கள். இந்த முறை நாகலெட்சுமிக்கு நடுப்பாதை, வலப்பக்கம் செல்வமலர். அறுபது யார் தூரம் வரை எல்லாம் சரி. பிறகு சப்பாத்து நெருங்கியது. நாகலெட்சுமியின் தோள் ஒடுங்குவதையும், இடது பாதம் கோட்டுக்கு ஒரு விரல் உள்ளே விழுவதையும் சிவசாமி கண்டார். அடுத்த அடியும் கோட்டை ஒட்டியே விழுந்தது. அதற்கடுத்த அடி நடுவுக்கு வந்தது. கையை இறுக்கிக்கொண்டு, தலையை நிமிர்த்தி, சத்தத்துக்கு முன்னாலேயே ஓடினாள். முடிவுக் கயிற்றுக்கு இரண்டு அடி இருக்கும்போதுதான் செல்வமலர் முந்தினாள். நாகலெட்சுமி இரண்டாவது.

மூச்சிரைக்க வந்து, "கோட்ட மிதிக்கலப்பா" என்றாள். சிவசாமி தலையை அசைத்தார்.

தம்பிஐயா நுவரெலியா பட்டியலைக் கொண்டுவந்தார். அப்பன் கையெழுத்து வேண்டும், கூடவும் வரவேண்டும். ஆனால் அது வெள்ளிக்கிழமை, வேலை நாள். லீவு கண்டாக்கிடம்தான் கேட்க வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

சிவசாமி பேனாவை வாங்கி முழுப் பெயரையும் எழுதினார்.

"நாளைக்கு வந்து பாக்கச் சொல்லியிருக்காங்க. அப்பவே கேட்டுடுறேன்."